பெருக்கலிடையும் அறியாப் பெறுமானமும்

தெரிந்தவற்றைத் துணையாகக் கொண்டு தெரியாததைக் காண்பது கணிதத்தின் தலையாய தொழிலாகும். அட்சரகணிதம் சமன்பாட்டின் வாயிலாகவும், கேத்திரகணிதம் உருவத்தின் வாயிலாகவும் இத்தொழிலைச் செய்கின்றன. புள்ளிவிபரவியலோ பெரும்பாலும் இடை என்னும் கருவியைக் கொண்டு இதனைச் செய்கின்றது. பதிவேட்டிலே ஓரிடம் வெறுமையாய்க் கிடக்குமாயின், அதன் இருமருங்கிலுமுள்ள எண்களை நோக்கி, அவ்வெறுமையை நிரப்பத் தக்க எண் யாது என்று ஆராய்தல் புள்ளிவிபரவியலாருக்கு அடிக்கடி நேரும் பணியாகும். எண்ணப்படாத ஓராண்டின் குடித்தொகை, கணக்கேட்டில் அழிந்துபோன ஒரு தொகை, பிழையாகப் பதியப்பட்ட ஒரு நோக்கல் என்றின்னோரன்னவை அவ்வெறுமைகளாம்.

அவற்றை நிரப்ப முற்படுவோர் முதலில் நாடுவது கூட்டலிடையையே. இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்குதல் சிறுவர்க்கும் எளிது. ஆயினும் எளிமை ஒன்றே ஒரு முறையைத் தகுதியுடையதாக்காது. எவ்விடையைத் தெரிந்தெடுப்பது என்பது, ஆராயப்படும் பொருள் எவ்வகையில் மாறுகின்றது என்பதைப் பற்றிய ஒரு கூற்றேயாகும். ஒரே அளவு கூடிக்கொண்டு செல்லும் பொருளுக்குக் கூட்டலிடை பொருந்தும். ஒரே மடங்கால் வளர்ந்து செல்லும் பொருளுக்குப் பெருக்கலிடையே பொருந்தும். இவ்வேறுபாட்டையும், பெருக்கலிடையைக் கொண்டு அறியாப் பெறுமானங்களைக் காணும் முறைகளையும், அம்முறைகளின் எல்லைகளையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெருக்கலிடையின் இலக்கணம்

இரண்டு எண்களின் பெருக்கத்தினது வர்க்கமூலம் அவ்விரண்டின் பெருக்கலிடையாகும். 4, 9 என்பவற்றின் பெருக்கம் 36. அதன் வர்க்கமூலம் 6. எனவே 6 பெருக்கலிடையாகும். 4 இலிருந்து 6 ஒன்றரை மடங்கு. 6 இலிருந்து 9 உம் ஒன்றரை மடங்கு. கூட்டலிடையாகிய 6.5 இருபக்கமும் சமமான வித்தியாசத்தில் நிற்கின்றது. பெருக்கலிடையாகிய 6 இருபக்கமும் சமமான விகிதத்தில் நிற்கின்றது. மூன்று எண்களாயின் பெருக்கத்தின் கனமூலமும், நான்காயின் நான்காம் மூலமும் கொள்ளப்படும். எண்களின் தொகை எத்துணையோ அத்துணையாம் மூலம் என்பதே பொதுவிதி.

இவ்விடை புதிதாகத் தோன்றியதன்று. கி. மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தாரந்தம் நகரத்து ஆர்க்கிற்றாசு, இசையைப் பற்றிய ஆராய்ச்சியிலே கூட்டலிடை, பெருக்கலிடை, இசையிடை என்னும் மூன்றையும் வரையறுத்துக் கூறினார். யூக்கிளிட்டு தம் கேத்திரகணித நூலின் ஆறாம் பாகத்துப் பதின்மூன்றாம் எடுத்துக்கூற்றிலே, தரப்பட்ட இரு கோடுகளுக்கு இடைவிகிதசமமான கோட்டை அமைக்கும் வகையைக் காட்டினார். அவ்வமைப்பு எளிதும் அழகும் உடையது. இரு கோடுகளையும் ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்து வைத்து, முழுநீளத்தையும் விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் வரைக. கோடுகள் இரண்டும் சந்திக்கும் புள்ளியிலிருந்து அரைவட்டம் வரை ஒரு செங்குத்தை நிறுத்துக. அச்செங்குத்தின் நீளமே பெருக்கலிடையாகும். அரைவட்டத்துக் கோணம் செங்கோணமாதலால், செங்குத்து அம்முக்கோணியை இரு வடிவொத்த முக்கோணிகளாகப் பிரிக்கின்றது; ஆகவே முதற்கோட்டுக்கும் செங்குத்துக்குமுள்ள விகிதமும், செங்குத்துக்கும் இரண்டாங்கோட்டுக்குமுள்ள விகிதமும் ஒன்றாகின்றன.

இவ்வுருவத்திலிருந்து மற்றுமோர் உண்மையும் புலனாகும். அரைவட்டத்தின் ஆரை இரு கோடுகளின் கூட்டலிடைக்குச் சமமாகும். விட்டத்தில் எழும் எச்செங்குத்தும் ஆரையிலும் நீளமாதல் இயலாது. எனவே பெருக்கலிடை கூட்டலிடையை ஒருபோதும் விஞ்சுவதில்லை. இரு கோடுகளும் சமமாகுமிடத்து மட்டுமே இரண்டு இடைகளும் ஒன்றாகும். எண்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வு பெருகப் பெருக, இவ்விரு இடைகளும் ஒன்றைவிட்டொன்று விலகிச் செல்லும். இவ்விலகல் பின்னர்க் கூறப்படும் குடித்தொகைக் கணக்குகளில் பெரிதும் கருதற்பாலது.

கேத்திரகணிதத்தினின்று வாழ்க்கைக் கணக்குக்கு

பெருக்கலிடை வாழ்க்கை விடயங்களிற் புகுந்த வரலாற்றில் 1627 ஆம் ஆண்டில் எழுந்த ஒரு விவாதம் சுவையுடையது. ஒரு குதிரையின் உண்மை விலை 100 ஆகும். அதனை மதிப்பிட்ட இருவருள் ஒருவர் 1000 என்றார். மற்றவர் 10 என்றார். இவருள் எவர் செய்த பிழை பெரிது? நொற்சோலினி என்னும் பாதிரியார், 900 பிழைத்தவரே 90 பிழைத்தவரிலும் பெரும்பிழை செய்தாரென்று வாதித்தார். கலிலியோ அதனை மறுத்து, ஒருவர் பத்துமடங்கு கூட்டியும் மற்றவர் பத்திலொன்றாகக் குறைத்தும் கூறினராதலின் இருவர் பிழையும் சமமே என்றார். 10 இனதும் 1000 இனதும் கூட்டலிடை 505, பெருக்கலிடை 100. மதிப்பீட்டிற் செய்யப்படும் பிழை விகிதத்தால் அளக்கப்படுவதாயின், மாறுபட்ட மதிப்பீடுகளிலிருந்து உண்மையை நாடுவோர் பெருக்கலிடையையே நாடுதல் வேண்டும் என்பது கலிலியோவின் கருத்திலிருந்து பெறப்படும்.

இக்கருத்து இரு நூற்றாண்டுகளின் பின்னர் விலைவாசி ஆராய்ச்சியில் மீண்டும் தலையெடுத்தது. கலிபோணியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பொன் கண்டெடுக்கப்பட்ட பின்னர்ப் பொன்னின் மதிப்பு எவ்வளவு வீழ்ந்தது என்பதை ஆராய்ந்த ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவன்ஸ், 1863 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே பொருள்களின் விலைமாற்றங்களுக்குப் பெருக்கலிடையைக் கையாண்டார். அதன் நியாயத்தை ஓர் எளிய உதாரணத்தாற் காணலாம். ஒரு பொருளின் விலை 100 இலிருந்து 200 ஆகவும், மற்றொன்றின் விலை 100 இலிருந்து 50 ஆகவும் மாறின எனக் கொள்க. கூட்டலிடை 125 ஆதலால், விலைகள் பொதுவில் நூற்றுக்கு 25 வீதம் ஏறின என்று அது கூறும். பின்னைய ஆண்டையே அடியாண்டாகக் கொண்டு முன்னைய ஆண்டை நோக்கினால், முதற்பொருள் 50 ஆகவும் இரண்டாவது 200 ஆகவும் இருந்தன. அப்பொழுதும் கூட்டலிடை 125 ஆகும். முன்னோக்கினும் பின்னோக்கினும் விலை ஏறியே இருந்தது என்னும் முரண்பாடு இதனாற் பிறக்கின்றது. பெருக்கலிடையோ இருவழியும் 100 என்றே கூறி முரணின்றி நிற்கின்றது.

1879 இல் பிரான்சிசு கோல்ற்றன் உயிரியல், சமூகப் புள்ளிவிபரங்களிற் பெருக்கலிடையின் இடத்தைப் பற்றி எழுதினார். 1922 இல் அமெரிக்கப் பொருளியலறிஞர் இர்விங் பிஷர், இருவகை விலைச் சுட்டெண்களின் பெருக்கலிடையையே சிறந்த சுட்டெண்ணாகக் கொண்டார். ஐக்கிய நாடுகளின் மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணும் 2010 முதல் உடல்நலம், கல்வி, வருமானம் என்னும் மூன்றன் பெருக்கலிடையாகவே கணிக்கப்பட்டு வருகின்றது.

குறைந்த ஓர் எண்ணைக் காணுதல்

ஒரு தொகுதியின் பெருக்கலிடை தெரிந்து, அதன் உறுப்புகளுள் ஒன்று மட்டும் தெரியாதிருப்பின், அதனைக் காணும் விதி வருமாறு: பெருக்கலிடையை, உறுப்புகளின் தொகை எத்துணையோ அத்துணையாம் அடுக்குக்கு உயர்த்துக. வருவது எல்லா உறுப்புகளின் பெருக்கமாகும். அதனைத் தெரிந்த உறுப்புகளின் பெருக்கத்தால் வகுக்க. ஈவு அறியாப் பெறுமானமாகும்.

நான்கு எண்களின் பெருக்கலிடை 6. அவற்றுள் மூன்று 3, 4, 8 எனக் கொள்க. அறியாத எண்ணை ய என்க. 6 இன் நான்காம் அடுக்கு 1296. தெரிந்த மூன்றன் பெருக்கம் 96. எனவே ய = 1296 ÷ 96 = 13.5 ஆகும்.

எண்கள் பெரியனவாயும் பலவாயும் இருக்குமிடத்து இவ்வாறு பெருக்குதல் வருத்தந் தருவதாகும். ஆங்கு மடக்கை துணைபுரிகின்றது. பெருக்கம் மடக்கையிற் கூட்டலாகவும், மூலங்காணுதல் வகுத்தலாகவும் மாறுமாதலால், பெருக்கலிடையின் மடக்கை உறுப்புகளின் மடக்கைகளினது கூட்டலிடையேயாகும். ஆகவே, பெருக்கலிடையின் மடக்கையை உறுப்புகளின் தொகையாற் பெருக்கி, தெரிந்த உறுப்புகளின் மடக்கைகளைக் கழித்தால், எஞ்சுவது அறியாப் பெறுமானத்தின் மடக்கையாகும். முரண்மடக்கையைக் கண்டால் விடை கிட்டும்.

இம்முறையின் பயன் வளர்ச்சி வீதக் கணக்குகளில் நன்கு விளங்கும். ஒரு சேமிப்பு நிதி நான்கு ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் வளர்ந்தது என்றும், மூன்று ஆண்டுகளின் வளர்ச்சி முறையே 5, 20, 8 வீதம் என்றும், நான்காம் ஆண்டின் வீதம் ஏட்டில் அழிந்துவிட்டது என்றும் கொள்க. கூட்டலிடையை நம்பியவர் 40 இலிருந்து 33 ஐக் கழித்து 7 வீதம் என்பார். ஆயின் நிதி வளர்வது மடங்கினால். நான்காண்டு மடங்கு 1.10 இன் நான்காம் அடுக்கு, அதாவது 1.4641. தெரிந்த மூன்றாண்டு மடங்கு 1.05 × 1.20 × 1.08 = 1.3608. முன்னையதைப் பின்னையதால் வகுக்க 1.0759 வரும். எனவே நான்காம் ஆண்டின் வளர்ச்சி ஏறத்தாழ 7.6 வீதம். சரிபார்ப்பது எளிது. தொடக்கத்தில் 1000 ரூபாய் இருந்திருப்பின், நான்காண்டின் முடிவில் 1464 ரூபாய் 10 சதம் இருத்தல் வேண்டும். 7 வீதமே வளர்ந்தது எனின் 1456 ரூபாய் 6 சதமே இருக்கும். எட்டு ரூபாய் எங்கே என்று கணக்காய்வாளர் வினவின், கூட்டலிடையை நம்பியவரிடத்து விடையிராது. எவரும் அத்தொகையை எடுத்தாரல்லர். பொருந்தா இடையைக் கொண்டமையே அதனை மறைத்தது.

பிழையாகப் பதியப்பட்ட பெறுமானத்தைத் திருத்துதலும் இவ்வகையினதே. மேற்கூறிய 3, 4, 8, 13.5 என்னும் தொகுதியில் 3 என எழுதப்பட்டது உண்மையில் 48 எனப் பின்னர்த் தெரியவந்ததாகக் கொள்க. முழுக்கணக்கையும் மீளச் செய்தல் வேண்டா. சரியான எண்ணைப் பிழையான எண்ணால் வகுக்க 16 வரும். உறுப்புகள் நான்காதலால் 16 இன் நான்காம் மூலமாகிய 2 ஆற் பழைய இடையைப் பெருக்குக. திருந்திய பெருக்கலிடை 12 ஆகும்.

இக்கணக்குகள் யாவற்றிற்கும் ஒரு நிபந்தனை உண்டு. உறுப்புகள் அனைத்தும் நேர்ப் பெறுமானங்களாதல் வேண்டும். ஓர் உறுப்புப் பூச்சியமாயின் பெருக்கம் முழுவதும் பூச்சியமாகிவிடும். பின்னர் அறியாத உறுப்பு எவ்வெண்ணாயினும் இடை பூச்சியமேயாதலால் அதனைக் காணும் வழி அடைபடும். மறை எண்கள் வருமிடத்தும் பெருக்கலிடை பொருளற்றதாகும். மழையே பெய்யாத மாதங்கள் உள்ள மழைப் பதிவுக்கும், இலாபமும் நட்டமும் கலந்த தொகைகளுக்கும் இதனைக் கையாளலாகாது.

இரண்டு எண்ணிக்கைகளுக்கு இடையே

மேலே கண்டவை விடை ஒன்றேயாக அமையும் கணக்குகள். எல்லா உறுப்புகளின் பெருக்கமும் முன்னரே தெரிந்திருந்தமையால், அறியாப் பெறுமானம் ஐயத்திற்கிடமின்றிக் கிட்டியது. தொடரொன்றின் நடுவே காணாமற்போன பெறுமானத்தைக் காணுதல் வேறுவகைத்து. ஆங்கே கிட்டுவது மதிப்பீடு மட்டுமே. அது எத்துணை நம்பத்தக்கது என்பதற்கு இலங்கையின் குடிசனமதிப்பு வரலாறு தக்க உரைகல்லாகும்.

குடித்தொகை பெருக்கல் விருத்தியில் வளர இயல்வது என்பதை 1798 இல் மல்தஸ் வற்புறுத்தினார். மக்கள் தொகை கூடுந்தோறும் பிறப்போர் தொகையும் கூடுதல் இயல்பாதலால், குடித்தொகைக்குப் பெருக்கலிடையே முறையாகப் பொருந்துவது. இலங்கையில் முதலாவது குடிசனமதிப்பு 1871 இல் எடுக்கப்பட்டது. அப்பொழுது கண்ட தொகை 2,400,380 ஆகும். பின்னர் ஒவ்வொரு பத்தாண்டும் எண்ணப்பட்டு, 1881 இல் 2,759,738 எனவும், 1891 இல் 3,007,789 எனவும், 1901 இல் 3,565,954 எனவும், 1911 இல் 4,106,350 எனவும், 1921 இல் 4,498,605 எனவும் காணப்பட்டது.

இவற்றுள் ஒன்றை மறைத்துவைத்து, அதன் இருமருங்கு எண்களிலிருந்து அதனைக் காண முயல்க. 1881 ஐ மறைப்பின், 1871, 1891 என்பவற்றின் பெருக்கலிடை ஏறத்தாழ 26 இலட்சத்து 87 ஆயிரம் ஆகும். உண்மைத் தொகை அதனிலும் 73 ஆயிரம் கூடியது. 1891 ஐ மறைப்பின், பெருக்கலிடை 31 இலட்சத்து 37 ஆயிரம் ஆகும். உண்மைத் தொகை அதனிலும் 1 இலட்சத்து 29 ஆயிரம் குறைந்தது. 1911 ஐ மறைப்பின், பெருக்கலிடை 40 இலட்சத்து 5 ஆயிரம் ஆகும். உண்மைத் தொகை அதனிலும் 1 இலட்சம் கூடியது. கூட்டலிடையோ 1891 இற் பெருக்கலிடையிலும் மிகுதியாகப் பிழைக்கின்றது. 1881 இலும் 1911 இலும் சற்றுக் குறைவாகப் பிழைக்கின்றது. இரண்டு இடைகளும் தம்முள் வேறுபடுவது இருபத்தையாயிரம் அளவே. உண்மையினின்று இரண்டும் வேறுபடுவது பெரும்பாலும் அதனிலும் பன்மடங்காகும்.

இதன் காரணத்தைக் கணிதமே காட்டும். 1871 இலிருந்து 1881 வரை குடித்தொகை 1.15 மடங்காயிற்று. அடுத்த பத்தாண்டில் 1.09 மடங்கே ஆயிற்று. அதன் பின்னர் 1.19 மடங்காயிற்று. பெருக்கலிடை உண்மையோடு முற்றும் பொருந்துவதற்கு இரண்டு பகுதிகளின் மடங்கும் ஒன்றாதல் வேண்டும். முற்பகுதியின் மடங்கு பெரிதாயின் உண்மை பெருக்கலிடையிலும் கூடியிருக்கும். பிற்பகுதியின் மடங்கு பெரிதாயின் குறைந்திருக்கும். மடங்கு மாறியமைக்குரிய காரணத்தை வரலாறு காட்டும். கோப்பித் தோட்டங்கள் செழித்த காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாக வந்தனர். இலைநோயாற் கோப்பி அழிந்தபோது அவ்வரவு தளர்ந்தது. தேயிலை தழைத்தபோது மீண்டும் பெருகியது. முதலாம் உலகப் போரும் 1918 இற் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சலும் 1921 வரையிலான பத்தாண்டின் வளர்ச்சியைத் தாழ்த்தின.

அங்ஙனமாயின் இரண்டு இடைகளுள் எதனைக் கொண்டாலும் ஒன்றே எனலாமோ? ஆகாது. கால இடைவெளி நீண்டு, எண்களின் ஏற்றத்தாழ்வு மிகும்போது தெரிவின் சிறப்புத் தோன்றும். 1871 இலும் 1971 இலும் எடுத்த குடிசனமதிப்புகள் மட்டுமே எஞ்சியிருந்தன என்று கொள்க. 1971 இன் தொகை 12,689,897. இடைப்பட்ட 1921 ஐக் கூட்டலிடை 75 இலட்சத்து 45 ஆயிரம் என மதிப்பிடும். பெருக்கலிடை 55 இலட்சத்து 19 ஆயிரம் என மதிப்பிடும். உண்மையில் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 45 இலட்சம் பேரே. கூட்டலிடை 30 இலட்சத்துக்கு மேற் பிழைத்தது. பெருக்கலிடை 10 இலட்சம் பிழைத்தது. மும்மடங்கு சிறிய பிழை சிறப்பே. எனினும் பத்து இலட்சம் சிறுதொகையன்று. 1946 ஐ அடுத்து மலேரியாத் தடுப்பும் சுகாதாரச் சேவைகளும் பரவியதால், ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் ஓராண்டிற்குள் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. நூற்றாண்டின் பிற்பகுதி முற்பகுதியிலும் விரைந்து வளர்ந்தமையாற் பெருக்கலிடை உண்மையிலும் மேலே சென்றது.

எடுக்கப்படாத எண்ணிக்கைகள்

இதுவரை மறைத்துவைத்த எண்கள் உண்மையில் தெரிந்தவை. உண்மையிலேயே வெறுமையாய் உள்ள இடங்களும் இலங்கைப் பதிவேட்டில் உண்டு. 1931 ஆம் ஆண்டின் குடிசனமதிப்பு, பொருளாதார நெருக்கடியாற் சுருங்கிய அளவில் எடுக்கப்பட்டது. அதிற் கண்ட தொகை 5,306,871. 1941 இல் எடுத்திருக்க வேண்டியது உலகப் போரின் காரணமாகப் பின்போடப்பட்டு 1946 இல் எடுக்கப்பட்டது. அதிற் கண்ட தொகை 6,657,339. ஆகவே 1941 இன் தொகை எவராலும் எண்ணப்படாதது.

1941 ஆம் ஆண்டு 1931 இலிருந்து பத்தாண்டும், 1946 இலிருந்து ஐந்தாண்டும் தொலைவில் உள்ளது. அது சரிநடுவன்று, 1946 ஐயே அணுகி நிற்கின்றது. இத்தகைய இடத்து நிறைகொடுத்த பெருக்கலிடை கொள்ளப்படும். அண்மையிலுள்ள 1946 க்கு இரண்டு பங்கும், தொலைவிலுள்ள 1931 க்கு ஒரு பங்கும் நிறை கொடுக்க. அதாவது 1931 இன் தொகையை ஒருமுறையும் 1946 இன் தொகையை இருமுறையும் பெருக்கி, கனமூலங் காண்க. மடக்கை அட்டவணையின்படி 1931 இன் தொகைக்குரிய மடக்கை 6.72484; 1946 இன் தொகைக்குரியது 6.82330. முன்னையதோடு பின்னையதன் இருமடங்கைக் கூட்ட 20.37144 வரும். அதனை மூன்றால் வகுக்க 6.79048. இதன் முரண்மடக்கை ஏறத்தாழ 61 இலட்சத்து 73 ஆயிரம். கூட்டல்முறையில் இதுவே 62 இலட்சத்து 7 ஆயிரம் ஆகும்.

இவ்விடையை எழுதுவோர் அதனோடு இரண்டு குறிப்புகளை எழுதுதல் கடமையாகும். ஒன்று, அடிப்படையாகக் கொண்ட 1931 இன் எண்ணிக்கை முழு விரிவினதன்று என்பது. மற்றொன்று, 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ எண்பதாயிரம் உயிர்களைக் கவர்ந்தமையால், பதினைந்தாண்டும் ஒரே மடங்கில் வளர்ந்தன என்னும் எடுகோள் ஐயத்திற்குரியது என்பது. 61 இலட்சத்து 73 ஆயிரம் என்பது எண்ணப்பட்ட தொகையன்று. அவ்வெடுகோளின்மேல் நிறுத்தப்பட்ட தொகை.

இதனிலும் பெரிய வெறுமை பின்னர் நேர்ந்தது. 1981 இல் ஏறத்தாழ 148 இலட்சத்து 47 ஆயிரம் பேர் எண்ணப்பட்டனர். 1991 இற் குடிசனமதிப்பு எடுக்கப்படவில்லை. 2001 இல் எடுக்கப்பட்டபோது போர்நிலை காரணமாக இருபத்தைந்து மாவட்டங்களுட் பதினெட்டில் மட்டுமே அது முற்றுப்பெற்றது. நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012 இலேயே. அப்பொழுது கண்ட தொகை ஏறத்தாழ 203 இலட்சத்து 59 ஆயிரம். முப்பத்தோராண்டில் 1.371 மடங்கு வளர்ந்தமையால், முப்பத்தோராம் மூலத்தின்படி ஆண்டு வளர்ச்சி நூற்றுக்கு ஏறத்தாழ 1.02 வீதமாகும். இதனைக் கொண்டு 1991 இன் தொகையைக் கணித்தால் ஏறத்தாழ 164 இலட்சம் வரும். நாடு முழுவதற்கும் இதனை ஒரு முதல் மதிப்பீடாகக் கொள்வதிற் பெருந்தவறில்லை.

ஆனால் அதே முறையை மாவட்ட மட்டத்திற் கையாளும்போது நேர்வதை நோக்குக. இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் எல்லைக்குள் 1981 இல் 738,000 ஐச் சற்று விஞ்சியோர் வாழ்ந்தனர். 2012 இல் அத்தொகை 583,000 ஐச் சற்று விஞ்சியதாகவே இருந்தது. இரண்டுக்கும் சரிநடுவே உள்ளது 1996 ஆம் ஆண்டின் செத்தெம்பர் மாதம். பெருக்கலிடை அம்மாதத்திற்குத் தரும் தொகை ஏறத்தாழ 656,000. கணக்கில் ஒரு பிழையுமில்லை. ஆயினும் அவ்வெண் அக்காலத்து யாழ்ப்பாணத்தைக் காட்டுவதன்று. 1983 இன் பின்னர் மக்கள் பல்லாயிரக்கணக்கிற் கடல்கடந்து சென்றனர். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டகன்றனர். அடுத்த ஆண்டில் ஒரு பகுதியினர் மீண்டனர், ஒரு பகுதியினர் வன்னியிலே தங்கினர். போரில் உயிரிழந்தோர் வேறு. ஒவ்வோராண்டும் ஒரே மடங்காற் சிறிது சிறிதாகத் தேய்ந்த ஓர் ஊரையே பெருக்கலிடை காட்டுகின்றது. அங்ஙனம் தேய்ந்த ஊர் ஒன்று உலகில் இருந்ததில்லை.

இத்தகைய எண்கள் வெறும் ஏட்டோடு நிற்பனவல்ல. பாடசாலைகளுக்கு ஆசிரியர் எத்தனைபேர், வைத்தியசாலைக்குக் கட்டில்கள் எத்தனை, உணவுப் பங்கீடு எவ்வளவு என்பன குடித்தொகையைக் கொண்டே முடிவுசெய்யப்படுகின்றன. எண்ணப்படாத இடத்தில் மதிப்பீட்டை எழுதி, அது மதிப்பீடு என்பதைக் குறியாது விட்டால், நாளடைவில் அது எண்ணப்பட்ட தொகையாகவே மதிக்கப்படும். அதன் விளைவை நுகர்வோர், எண்ணப்படாது போன மக்களே.

முடிவுரை

பெருக்கலிடையைக் கொண்டு அறியாப் பெறுமானத்தைக் காண்பதில் இரு நிலைகள் உண்டு என்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும். இடை முன்னரே தெரிந்து, ஓர் உறுப்பு மட்டும் மறைந்திருக்குமிடத்து விடை உறுதியானது. அது வகுத்தலால் முடிவது. இருமருங்கு எண்களிலிருந்து இடைப்பட்ட எண்ணைக் காணுமிடத்து விடை ஓர் எடுகோளின் நிழல். காலம் முழுவதும் மடங்கு மாறாதிருந்தது என்பதே அவ்வெடுகோள். விகிதத்தால் வளரும் பொருள்களுக்குக் கூட்டலிடையிலும் பெருக்கலிடை முறையாகப் பொருந்துவதென்பதும், காலம் நீளுந்தோறும் அப்பொருத்தம் மேலும் விளங்குமென்பதும் உண்மையே. ஆயினும் கொள்ளைநோயையும் போரையும் இடப்பெயர்வையும் எவ்விடையும் அறியாது. அவற்றை அறிந்தவர் எண்ணைக் கையாளும் மனிதரேயாவர்.

ஆதலின் புள்ளிவிபரவியலைப் பயிலும் மாணவர் விதியை மனனஞ்செய்வதோடு அமையாது, மூன்று வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. இப்பொருள் கூடுவதால் மாறுகின்றதா, மடங்காவதால் மாறுகின்றதா? மடங்காயின், அம்மடங்கு இக்காலம் முழுவதும் ஒரே தன்மையதாய் இருந்ததென்று கொள்ள வரலாறு இடந்தருகின்றதா? கண்ட விடையை, எண்ணப்பட்டதினின்று வேறுபடுத்தி எழுதியாயிற்றா? இம்மூன்றிற்கும் விடை கூறியபின் எழுதப்படும் எண்ணே ஏட்டின் வெறுமையை நிரப்பும் தகுதியுடையது.